பிலம் புகு ஆட்டம்: தோற்றமும் மறுமலர்ச்சியும்

முன்னுரை

ஒரு கலைவடிவம் தோன்றுதற்கு ஏதுவாயிருந்த குறைபாடு நீங்கிய பின்னரும் அவ்வடிவம் நின்று நிலவுதல் உண்டு. ஏடும் எழுத்தாணியும் அருகியிருந்த காலத்தே பாட்டை நெஞ்சில் நிறுத்துதற்கு யாப்பு துணை செய்தது என்பர். அச்சுப்பொறி வந்து, எத்துணைப் பெரிய நூலையும் ஆயிரக்கணக்கில் பெருக்கலாம் என்ற நிலை ஏற்பட்ட பின்னரும் வெண்பா ஒழிந்துவிடவில்லை. தேவை போயினும் வடிவம் போகாமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை யாப்பின்கண் எழுப்புதல் நம் துறையினர்க்குப் பழகிய செயல். ஈண்டு அதனை முற்றிலும் வேறானதொரு துறையில் எழுப்பிப் பார்க்கின்றோம். கணிப்பொறித் திரையில் நிலத்தின் கீழுள்ள சிக்கலான அறைகளுள் புகுந்து, கட்டம் கட்டமாக நடந்து, காவல் கடந்து, பொருள் தேடி மீளும் ஆட்டவகை ஒன்று உண்டு. அதன் தோற்றமும், மறைவும், மறுமலர்ச்சியுமே இக்கட்டுரையின் பொருள்.

தமிழாய்வு இதழில் இப்பொருள் இடம்பெறுதல் சிலர்க்கு வியப்பளிக்கலாம். யாம் இதனை ஆராயப் புகுந்ததற்கு ஒரு மாணவரே காரணர். திருவள்ளூர் மாவட்டத்துக் கல்லூரியொன்றில் தமிழ் பயிற்றும் எம்மிடம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனார், தாம் ஆக்கிவந்த ஆட்டமொன்றைக் கொணர்ந்து காட்டினார். திரையில் இருண்ட கற்சுவர்களும், பந்த ஒளியும், மூடிய கதவுகளும் தோன்றின. சொற்கள் மட்டும் ஆங்கிலமாயிருந்தன. அவற்றுக்குத் தமிழ்ச்சொல் வேண்டுமென்றார். அகராதி நோக்கி யாம் எழுதிக்கொடுத்த பட்டியலுள் நெடிய உள்வழிக்குத் 'தாழ்வாரம்' என்றிருந்தது. அவர் அதனைப் படித்துவிட்டு, "தாழ்வாரம் என்பது எங்கள் வீட்டின் முன்புறம், ஐயா. அங்கே யாரும் வழி தவறுவதில்லையே" என்றார். அவர் கூறியது முற்றும் உண்மை. அன்று விடையிறுக்க இயலாது போயிற்று. அவ்விடையைத் தேடிச் சென்ற வழியே இக்கட்டுரையாக விரிந்தது.

சொல்லும் பொருளும்

இவ்வகை ஆட்டத்திற்கு ஆங்கிலேயர் வழங்கும் 'டஞ்சன்' என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியினின்று வந்தது. ஆங்கு அது கோட்டையின் நடுவண் உயர்ந்து நின்ற தலைமைக் கோபுரத்தையே குறித்தது. காலப்போக்கில் கோபுரத்தின் அடியிலிருந்த சிறைக்குப் பெயராகி, நிலத்தின் கீழ் இறங்கியது. வானோக்கி நின்ற சொல் மண்ணுள் புகுந்த வரலாறு இது.

தமிழில் இவ்வாறு சொல்லைக் கீழிறக்க வேண்டிய தேவையில்லை. விலங்கு உறையும் கல்லிடுக்கிற்கு அளை என்றும், மலைப்பிளவிற்கு விடர் என்றும், குகைக்கு முழை என்றும், மனிதர் அமைத்த கீழறைக்கு நிலவறை என்றும், கரந்து செல்லும் வழிக்குச் சுருங்கை என்றும், ஆழ்ந்து செல்லும் இருட்குகைக்குப் பிலம் என்றும் நுட்பமான வேறுபாடுகளோடு நம் முன்னோர் வழங்கினர். இவற்றுள் சுருங்கை என்பதைக் கிரேக்கச் சொல்லொன்றோடு தொடர்புபடுத்துவாரும் உளர். பிலம் வடசொல் மரபினது. வந்த சொல்லாயினும் காப்பியத்துள் வேரூன்றிவிட்டமையின் அதனையே இக்கட்டுரைத் தலைப்பிற்குக் கொண்டோம்.

காடுகாண் காதையின் பிலம்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தின் முதற்கண் அமைந்தது காடுகாண் காதை. உறையூர் கடந்து மதுரை நோக்கிச் செல்லும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவர்க்கும் மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளை எடுத்துரைக்கின்றான். அவற்றுள் இடப்பக்கத்து வழி திருமால்குன்றத்தைச் சார்வது. அக்குன்றத்தில் ஒரு பிலம் உண்டென்றும், அதனுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உண்டென்றும் அவன் கூறுவான். முதலாவதில் ஆடினார் ஐந்திர நூலை அடைவர். இரண்டாவதில் ஆடினார் பழம்பிறப்பு உணர்வர். மூன்றாவதில் ஆடினார் நினைத்தவை பெறுவர்.

அப்பிலத்துள் புகும் முறையை மறையோன் விரித்துரைக்கும் திறம் கருதத்தக்கது. முதற்கண் மலைமேல் உறையும் தெய்வத்தைத் தொழுது மும்முறை வலம் வருதல் வேண்டும். அதன்பின் வரோத்தமை என்பாள் தோன்றி, இம்மை இன்பம் யாது, மறுமை இன்பம் யாது, இவ்விரண்டும் அன்றி நிலைத்து நிற்பது யாது என வினவுவாள். விடை கூறினார்க்கே கதவு திறக்கும். உள்ளே இடைகழியும் பல புதவங்களும் உள. அவற்றைக் கடந்தால் ஒட்டுப் புதவம் ஒன்று எதிர்ப்படும். ஆங்கு ஓவியம் போன்ற மற்றொருத்தி தோன்றி முடிவிலா இன்பம் யாதென வினவுவாள். விடை சொன்னார்க்குப் பொய்கைக்கரையைக் காட்டுவாள். சொல்லாதார்க்கும் துன்பம் செய்யாள். புறத்தே நெடுவழியிற் கொண்டுசேர்ப்பாள்.

வாயிற்காவல், வினா, உள்வழி, பல கதவுகள், இரண்டாம் காவல், மூவகைப் பரிசில் என்னும் இவ்வமைப்பு, இற்றை ஆட்டம் ஆக்குவோர் தாளில் வரைந்துகொள்ளும் திட்டத்தோடு பெரிதும் ஒத்திருக்கின்றது. ஒன்றினின்று மற்றொன்று தோன்றிற்று என்று கூறுதல் எம் கருத்தன்று; அவ்வாறு கூறுதற்குச் சான்று சிறிதும் இல்லை. நிலத்தின் கீழ்ப் புகுந்து தன்னைச் சோதித்து மீளுதல் மாந்தர் பலரும் கண்ட கற்பனை என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இன்னொன்றும் நோக்குதல் வேண்டும். இத்துணை விரிவாகக் கூறப்பெற்ற பிலத்துள் யாரும் புகவில்லை. கவுந்தியடிகள் மூன்று பரிசிலையும் மறுத்துரைக்கின்றார். ஐந்திரம் அருகன் அருளிய நூலிலேயே உண்டு. பழம்பிறப்பின் பயனை இப்பிறப்பிலேயே காணலாம். வாய்மையின் வழுவாது உயிர்களைப் பேணுவார்க்கு அரும்பொருள் இல்லை என்பது அவர் விடை. நம் காப்பியத்தின் சிறந்த பிலம், புகாது விடப்பட்ட பிலமாகும். ஆயினும் சோதனை நீங்கிற்றில்லை. இடைநெறியிற் சென்ற கோவலன்முன் கானுறை தெய்வம் வசந்தமாலை வடிவிற் தோன்றி மயக்க முயல்கின்றது. பிலத்தைத் தவிர்த்தாரும் சோதனையைத் தவிர்க்க இயலாது என்பது காப்பியப் புலவர் கருத்துப் போலும்.

கட்டமும் சுற்றும்

கட்டங்களில் நடத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. வைகுந்த ஏகாதசி இரவில் ஆடும் பரமபத சோபானம் கட்டம் கட்டமாக ஏறி இறங்கும் ஆட்டமே. வாயிற் கோலங்களில் கோட்டை என்னும் சுற்றுவடிவம் உண்டு. தென்னிந்தியக் கோலங்களிலும் பச்சைகுத்து வடிவங்களிலும் காணும் இச்சுற்றுகளை ஜான் லெயார்டு 1937இல் ஆராய்ந்து எழுதினார். அளேபீட்டு ஓய்சளேசுவரர் கோயிற் சிற்பத்தில் அபிமன்னன் புகுந்த சக்கரவியூகம் சுற்றுக்கோட்டையாகச் செதுக்கப்பெற்றுள்ளது.

இவையெல்லாம் மேலிருந்து காணப்படுவன. ஆடுபவர் வானின்று நோக்க, காய் கீழே நகர்கின்றது. இலக்கண மரபிற் கூறின், இது படர்க்கை நோக்கு. யாம் ஆராயும் ஆட்டத்தின் புதுமை, ஆடுபவரைக் கட்டத்தின் உள்ளே நிறுத்தி, அவர் கண்ணெதிர்ச் சுவரை மட்டும் காட்டியதில் உள்ளது. இது தன்மை நோக்கு. அதே வேளையில் திரையில் எழுதப்படும் வாசகம் ஆடுபவரை முன்னிலைப்படுத்தி, 'நீ ஒரு கதவைக் காண்கிறாய்' என்ற முறையில் பேசும். கண் தன்மையிலும் குரல் முன்னிலையிலும் நிற்பது இவ்வடிவத்தின் தனிப்பண்பு.

தோற்றம்

அமெரிக்க நாட்டு நாசாவின் ஏம்சு ஆய்வு நிலையத்தில், 1973இல், பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்களான ஸ்டீவ் கோலி, கிரெக் தாம்சன், ஹோவர்டு பாமர் ஆகியோர் இம்லாக் என்னும் கணிப்பொறியில் 'மேசு' என்ற ஆட்டத்தை ஆக்கினர். சுற்றுவழிகளுள் நின்று சுவரை நேரே காணலும், ஒரு கட்டம் நகர்தலும், செங்கோணத்தில் திரும்பலும் இதன்கண் உள. மறு ஆண்டு, 1974இல், கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்சு அண்டு டிராகன்சு' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதற்குக் கணிப்பொறி வேண்டா. தாளும், எழுதுகோலும், பகடையும், கதை சொல்லுவார் ஒருவரும் போதும். முன்னது கண்ணையும் பின்னது கதையையும் தந்தன என்னலாம்.

இரண்டும் கூடிய இடம் பல்கலைக்கழகமே. இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் பயிற்றுதற்கென அமைந்த பிளேட்டோ என்னும் கணிப்பொறி அமைப்பில் மாணவர் மறைவாக ஆட்டங்கள் எழுதினர். 1975இல் எழுதப்பெற்ற ஒன்றிற்குப் 'பெடிட்5' என்பது பெயர். ஆட்டமென்று தெரியாதிருத்தற்பொருட்டு, பாடக்கோப்பிற்கென ஒதுக்கிய பெயரையே அதற்கு இட்டனர். அது மேலிருந்து காணும் ஆட்டமாயினும் நிலவறையாட்டங்களின் முன்னோடி எனத்தகும். பொறுப்பாளர் அதனைக் கண்டு அழித்தனர். மாணவர் மீண்டும் இட்டனர். அவ்வமைப்பிலேயே 1977இல் தோன்றிய 'ஊப்லியெட்' தன்மை நோக்குடையது. மறத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையினின்று பிறந்த அப்பெயர், அடைபட்டோர் மறக்கப்படும் குழிச்சிறையைக் குறிப்பது.

வீட்டுக் கணிப்பொறிகள் வந்தபின் இவ்வகை பரவியது. 1979இல் ரிச்சர்டு கேரியட் என்னும் பள்ளி மாணவர் ஆப்பிள் 2 பொறிக்கு 'அகலபெத்' என்னும் ஆட்டத்தை எழுதினார். 1981இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ கிரீன்பர்க்கு, ராபர்ட்டு உட்கெட்டு ஆகிய இருவரும் ஆக்கிய 'விசர்ட்ரி' வெளிவந்தது. இவ்வகையின் இலக்கணத்தை வரையறுத்தது இதுவே. ஆறு பேர் வரை கொண்ட குழு, 10 அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கும் 20க்கு 20 கட்டம். ஆகவே அடுக்கிற்கு 400 கட்டமும் முழுமைக்கும் 4000 கட்டமும் ஆயின. 1987இல் எப்டிஎல் நிறுவனத்தாரின் 'டஞ்சன் மாசுடர்' காலத்தையும் உடன் ஓடச் செய்தது. ஆடுபவர் வாளாவிருப்பினும் பந்தம் எரிந்து தேயும், பசி மிகும், பகை நெருங்கும்.

குறையே வடிவமாதல்

இவர்கள் கட்டத்தை ஏன் கொண்டனர்? விசர்ட்ரிக்கு வேண்டப்பட்ட நினைவகம் 48 கிலோபைட்டு மட்டுமே. இன்று ஒரு சிறு நிழற்படத்திற்கும் அது போதாது. பரந்த வெளியையும் எத்திசையும் திரும்பும் கண்ணையும் அப்பொறி தாங்காது. கட்டமாயின், ஒவ்வொன்றிற்கும் நாற்புறத்தும் சுவரோ, கதவோ, வெளியோ என்பதைக் குறித்தால் போதும். காட்சியும் எளிது. நிற்கும் கட்டத்தின் எதிரேயுள்ள சில கட்டங்களை மட்டும் நோக்கி, தொலைவிலுள்ள சுவரை முதலில் சிறிதாகவும், அண்மைச் சுவரைப் பின்னர்ப் பெரிதாகவும் வரைந்தால் ஆழத் தோற்றம் உண்டாகும். ஒவ்வொரு தொலைவிற்கும் உரிய சுவர்த்துண்டை முன்னரே வரைந்து வைத்துக்கொள்ளுதலும் கூடும்.

இக்குறையினின்று மூன்று பயன்கள் விளைந்தன. முதலாவது, ஆடுபவர் கட்டத்தாளில் தாமே வழிப்படம் வரையலாயினர். திரை காட்டாத முழுவடிவம் அவர்தம் கைத்தாளில் மட்டும் இருந்தது. இரண்டாவது, ஒவ்வோர் அடியும் எண்ணி வைக்கும் அடியாயிற்று. மூன்றாவது, திரையில் எழுத்திற்கு இடம் சிறிதாகலின் வாசகம் சுருங்கிச் செறிந்தது. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரில் முடிதல் வேண்டும் என்னும் வரம்பு, புலவனைச் சொற்சுருக்கத்திற்கு உந்துதலை ஈண்டு ஒப்பிடலாம்.

ஒரு வேறுபாட்டையும் கூறுதல் நேர்மை. யாப்பு வரம்பைப் புலவர் மரபு ஆக்கிக்கொண்டது; கட்ட வரம்போ பொறி விதித்தது. ஆயின் பொறி அவ்வரம்பை நீக்கிய பின்னர் நிகழ்ந்தது யாது என்பதே நம் வினாவிற்கு விடை தரும்.

மறைவும் மறுமலர்ச்சியும்

1992ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் தோன்றிய 'அல்டிமா அண்டர்வேர்ல்டு' கட்டத்தை உடைத்து, எத்திசையும் நோக்கி நடக்கவும், நீந்தவும், தாவவும் வழிசெய்தது. 'உல்பன்சுடைன் 3டி' அவ்வாண்டிலும், 'டூம்' 1993இலும் வெளிவந்தன. விரைவே விருப்பமாயிற்று. மேனாடுகளில் கட்ட ஆட்டம் மெல்ல மறைந்தது.

எனினும் 1985 முதல் விசர்ட்ரியை ஏற்றுக்கொண்ட சப்பானியர் அவ்வடிவத்தைக் கைவிடவில்லை. 2007இல் ஆங்கு வெளிவந்த 'எட்ரியன் ஒடிசி' என்னும் ஆட்டம், கீழ்த்திரையில் ஆடுபவரே எழுதுகோல் கொண்டு வழிப்படம் வரையுமாறு அமைக்கப்பெற்றது. பொறி தானே படம் வரையவல்ல காலத்தில், வரையும் உழைப்பை மீட்டுத் தந்தது அது. 2012 ஏப்ரலில் பின்லாந்து நாட்டில் நால்வர் கொண்ட சிறு குழுவினர் 'லெசண்டு ஆப் கிரிம்ராக்கு' என்பதை வெளியிட்டனர். அதன்கண் கல்லின் நயமும், பந்தத்தின் ஆடும் ஒளியும், நிழலும் இற்றைக்காலப் பொறியின் ஆற்றலால் அமைந்தன. நடையோ பழைய கட்டநடையே. விரும்பினார் வழிப்படத்தை நீக்கி, தாளில் வரைந்தும் ஆடலாம். 2024இல் விசர்ட்ரியே புதுக்கோலம் பூண்டு வந்தது. பழைய நிரலை உள்ளே இயங்கவிட்டு, அதன்மேல் புதிய காட்சியைப் போர்த்தினர். பழைய பாடலுக்குப் புத்துரை எழுதுவார் மூலத்தைத் திருத்தாது வைத்தல் போன்றது இச்செயல்.

ஆகவே, வரம்பு தேவையாக இருந்தபோது அது குறை. தேவை நீங்கியபின் விரும்பி ஏற்கப்படும்போது அது வடிவம். வெண்பா நின்றதற்கும் கட்டம் மீண்டதற்கும் காரணம் ஒன்றே என்பது எம் துணிபு.

திருவள்ளூர் வட்டாரத்து முயற்சி

இனி, தொடங்கிய இடத்திற்கு மீள்வோம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரிலேயே தொடங்கப்பெற்றது. எம் மாணவர் கணிப்பொறியைக் கற்றதும் அத்திட்டத்தில் தம் தமக்கையார் பெற்ற மடிக்கணினியில்தான். ஆட்டம் ஆக்கும் மென்பொருளாகிய கோடாட்டு 2014 முதல் யார்க்கும் கட்டற்றுக் கிடைப்பது. ஆயின் அதன் பழைய பதிப்புகளில் தமிழெழுத்து ஒழுங்குற அமையவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 2023 மார்ச்சில் வெளிவந்த நான்காம் பதிப்பே சிக்கலான எழுத்துமுறைகளைச் செவ்விதிற் காட்டியது. பொறியின் குறையால் தம் மொழியை விடுத்து ஆங்கிலத்தில் எழுதியவர் பலராவர். எம் மாணவரும் அவருள் ஒருவர்.

அவர் பின்னர் வாங்கிய பழைய பொறியொன்றின் நினைவுத்தட்டு ஒருநாள் பழுதுற்றது. பதினான்கு மாத உழைப்பு அதனோடு அழிந்தது. எஞ்சியது கட்டத்தாளில் அவர் கையால் வரைந்த ஐந்து அடுக்குகளின் வழிப்படம் மட்டுமே. அத்தாள்களைக் கொண்டே ஆட்டத்தை மீண்டும் கட்டினார். செல்லரித்த ஏட்டினின்று படியெடுத்தோர் வழிவந்த நமக்கு இதன் அருமை புரியும்.

இம்முறை அவர்க்குக் காடுகாண் காதையைப் படித்துக் காட்டினோம். உள்வழிக்கு இடைகழி, வாயிலுக்குப் புதவம், இரட்டைக் கதவிற்கு ஒட்டுப் புதவம் என்னும் சொற்களைத் தாமே குறித்துக்கொண்டார். எம் பட்டியலுள் நீண்ட சொற்களை, திரைப்பெட்டியுள் அடங்கா எனத் தள்ளினார். சொல்லின் நீளமும் ஒரு வரம்பே என்பதை யாம் அன்று கற்றோம். பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் குகைகளுக்கும் அழைத்துச் சென்றோம். கற்கால மாந்தர் கருவிகளை விட்டுச்சென்ற அவ்விடத்தில், உயர்ந்த பாறைக்கூரையின் கீழ் ஒளி படிப்படியாக மங்கும் முறையை அவர் நெடுநேரம் நின்று நோக்கினார். ஆட்டத்தின் முதல் அடுக்கில் இப்பொழுது அவ்வொளி உள்ளது.

ஒட்டுப் புதவத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. விடை தவறினார்க்கு இறப்பு என்பதே இவ்வகை ஆட்டத்தின் மரபு; விசர்ட்ரியில் இறப்பு உடனே தட்டில் எழுதப்பட்டுவிடும். காப்பியத்து நங்கையோ விடை கூறாதாரையும் வருத்தாள். அச்சமின்றேல் ஆட்டமில்லை என நண்பர் இடித்துரைத்தனர். மாணவர் காப்பியத்தையே மீண்டும் நோக்கினார். அவள் வருத்தாள்; ஆயின் புறத்தே நெடுவழியில் கொண்டுவிடுவாள் அன்றோ? அவ்வாறே செய்தார். விடை கூறாதவர் உயிரும் பொருளும் இழவாது பிலத்தின் வெளியே நிற்பர். கடந்த இடைகழிகள் அனைத்தையும் மீளக் கடத்தல் வேண்டும். நடையே தண்டனையாயிற்று. கட்டங்களை எண்ணி நடக்கும் ஆட்டத்திற்கு இதனினும் பொருந்திய தண்டம் வேறில்லை. காப்பியப் புலமையினும் ஆட்டப் பழக்கமே அவ்வடியின் நுட்பத்தை எமக்கு விளக்கிற்று என்பதை ஒப்புக்கொள்ளுதல் கடன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பிலம் புகு ஆட்டம் பொறியின் சிறுமையால் கட்டவடிவம் பெற்றமையும், பொறி வளர்ந்தபின் மறைந்து, விரும்பி ஏற்கப்பட்ட வரம்பாக மீண்டமையும் பெறப்படும். நம் துறைக்கு இதனால் இரு கடமைகள் உள. உள்ளிடம், வாயில், இருள், வழி ஆகியன குறித்த காப்பியச் சொற்களைத் திரட்டி, பொருள் வேறுபாடு காட்டித் தொகுத்தல் ஒன்று. பட்டமேற்படிப்பு மாணவர் இதனை ஆய்வுப்பொருளாகக் கொள்ளலாம். தமிழில் ஆக்கப்படும் ஆட்டங்களை நிரலும் வழிப்படமும் உட்பட நூலகங்களிற் காத்தல் மற்றொன்று. இல்லினாயில் அழிக்கப்பட்டதை மீட்க ஆங்குள்ள மாணவர் இருந்தனர்; கும்மிடிப்பூண்டியில் கட்டத்தாள் மட்டுமே இருந்தது.

எஞ்சியது ஒன்று. வரோத்தமையின் மூன்று வினாக்களுக்கும் மறையோன் விடை கூறினானல்லன். ஆட்டத்திலோ எவ்விடைக்குக் கதவு திறக்கும் என்பதை யாரேனும் முடிவு செய்தல் வேண்டும். அப்பொறுப்பை மாணவர் எம்மிடம் விட்டுள்ளார். உரையாசிரியர் கூற்றை எழுதுவதா, கவுந்தியடிகள் கூற்றை எழுதுவதா, எவ்விடைக்கும் திறக்குமாறு விடுவதா எனத் துணிய இயலாது யாம் இன்னும் எழுதாதிருக்கின்றோம். அறிந்தார் கூறின் நன்றியுடன் ஏற்போம்.